பிரேக் மாஸ்டர் கண்ணை மூடினார்

ஞாயிற்றுக்கிழமை காலை, வலது உள்ளங்காலில் ஏதோ குறுகுறுக்க, பிரேக் மாஸ்டர் திடுக்கிட்டு விழித்தார். எலியோ என்று காலை வெடுக்கென்று இழுத்தார். எலி இல்லை, மனைவி. கால்மாட்டில் உட்கார்ந்து, துணி தைக்கிற அளவு நாடாவை அவருடைய பாதத்தின் மேல் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"ஆட்டாதீங்க. அளவு தப்பிடும்."

"எதுக்கு அளவு?"

"காலுக்கு மெத்துன்னு துணியில ஒண்ணு தைக்கலாம்னு பாத்தேன்."

"வலது காலை மட்டும் அளக்கறே?"

"ஏன், இடது கால் வேற யாரோடதா?"

நியாயமான கேள்வி. மாஸ்டர் காலை நீட்டிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடினார். அங்கேயே கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷமான மனிதர், விடிந்ததும் விடியாததுமாக யோசிப்பதில்லை.

'பிரேக் மாஸ்டர்' என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் அவருடைய மாணவர்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. மாணவர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எதிரே லாரி வந்தால் என்ன செய்வார்கள்? பிரேக்கை மிதிப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் பாவம். கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நிற்பது மாஸ்டரின் வலது கால் ஒன்றுதான்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் வேலையை விடவில்லை. மனைவி தண்ணீர் ஜாடியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினால் ஒரு பிரேக். டிவியில் யாராவது ஓடினால் ஒரு பிரேக். தூக்கத்தில் போடுகிற பிரேக்கில் போர்வை பறந்து போய்ச் சுவரோரம் விழும். சாப்பாட்டு மேஜைக்கடியில் மனைவியின் கால் எத்தனை முறை மிதிபட்டது என்று அவளாலேயே சொல்ல முடியாது.

"கத்திக்கிட்டே ஓட்டறவனை நம்பலாம். சத்தமே போடாம ஓட்டறான் பாரு, அவன்தான் சுவத்துல கொண்டுபோய் ஏத்துவான்" என்பது மாஸ்டர் தொழிலில் கண்ட உண்மை. வாரத்துக்கு நாலு முறையாவது சொல்லுவார். மனைவி இதையெல்லாம் காதில் வாங்காதவள் மாதிரியே இருப்பாள்.

பல் துலக்கிக்கொண்டே வந்த மாஸ்டர், மகளின் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். வெளியூரில் வேலை கிடைத்து மகள் போனதிலிருந்து அந்த அறை காலி. பெரிய ஜன்னல். நல்ல காற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்பக்கம் தாழ்ப்பாள். ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, தாழ்ப்பாளையும் போட்டு, எந்த மாணவனும் எந்த ஸ்டியரிங்கும் இல்லாமல் மல்லாந்து கிடப்பதாக மாஸ்டர் மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார். இப்போது அந்தக் கோட்டைக்கு நடுவில் மனைவி அதே நாடாவோடு நின்று தரையை அளந்துகொண்டிருந்தாள்.

வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டு மாஸ்டர் கேட்டார்.

"இங்க என்ன அளக்கறே?"

"மிஷினை இங்க போடலாம்னு."

"அது நடையில நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா? நீங்க குளிக்கப் போனா நான் எந்திரிக்கணும். குளிச்சிட்டு வந்தா எந்திரிக்கணும். துண்டை மறந்துட்டுப் போய்க் கூப்பிட்டா எந்திரிக்கணும். நேத்து ஒரு கை மட்டும் வெச்சுத் தெச்ச சட்டையைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை தடவை நின்னேன் தெரியுமா?"

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த அந்த நடையில்தான் அவளுடைய கால்மிதித் தையல் மிஷின் பல காலமாகக் குடியிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சீருடைகள், அக்கம்பக்கத்து வீட்டுத் திரைகள், நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகள் எல்லாம் அதில்தான் உருவாகும்.

"அதுவும் இல்லன்னா ஒரு மோட்டாராவது வாங்கி மாட்டுங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன். மிதிச்சு மிதிச்சு முட்டி தேயுது."

"வீட்டுல கால் இருக்கறப்போ மோட்டார் எதுக்கு?" என்றார் மாஸ்டர். தான் சொன்னது அவருக்கே பிடித்துப்போய், ஒரு சிரிப்பும் சிரித்துவைத்தார்.

மனைவி சிரிக்கவில்லை. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோடு விழுந்துவிட்டால் அறை போய்விட்டது என்று அர்த்தம். பக்தி சிலருக்குப் பிறவியிலேயே வரும், சிலருக்கு வயசானால் வரும். மாஸ்டருக்கு அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்ததும் வந்தது.

"இந்த ரூம் எனக்கு வேணும். நான் தியானம் பண்ணப் போறேன்."

"யாரு?"

"நான்தான்."

"தியானமா?"

"ஆமா."

"ஓ" என்றாள் மனைவி.

அந்த 'ஓ' மாஸ்டருக்குப் பழக்கமானது. நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. அதைக் கேட்ட பிறகு அவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

"நல்ல விஷயம்தானே. பண்ணுங்க. ஆனா சும்மா கதவைச் சாத்திக்கிட்டுக் குறட்டை விடறதுக்கு நான் ரூம் குடுக்க மாட்டேன். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, அரை மணி நேரம் கண்ணு திறக்காம, அந்தக் காலை ஆட்டாம உக்காந்து காட்டுங்க. காட்டிட்டா ரூம் உங்களுது. நான் நடையிலயே கிடக்கறேன், வாயே திறக்க மாட்டேன். காட்டலைன்னா அன்னிக்கே மிஷின் உள்ள வந்துடும்."

"அரை மணி நேரம் என்ன, அரை நாள் உக்காருவேன்."

"எதிர்வீட்டு டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கலாம்."

"கூப்பிடு. ஊரையே கூப்பிடு."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டர் விட்டதும் காலைத்தான்.

எதிர்வீட்டு டாக்டர் பல் டாக்டர். தினமும் விடியற்காலையில் தியானம் செய்கிறவர் என்று கட்டடம் முழுக்கப் பெயர். அன்று சாயங்காலமே மாஸ்டர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ரொம்பச் சுலபம் மாஸ்டர். மூச்சைக் கவனிக்கணும். உள்ள போறப்போ ஒண்ணு, வெளிய வர்றப்போ ரெண்டு. பத்து வந்ததும் மறுபடி ஒண்ணுலேர்ந்து."

"அப்ப உள்ள என்ன டாக்டர் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாததுக்கா இவ்வளவு கஷ்டப்படறீங்க?"

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ளயே எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ணை மூடினா கொஞ்ச நேரத்துக்கு ஒரு வாயும் தெரியாது. அதை அனுபவிச்சாத்தான் மாஸ்டர் புரியும்."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து அறையில் உட்கார்ந்தார். மூச்சு உள்ளே போனது, ஒன்று. வெளியே வந்தது, இரண்டு. மூன்றாவது மூச்சு கொஞ்சம் வேகமாக வருகிற மாதிரி அவருக்குப் பட்டது. அவ்வளவுதான், கால் பிரேக்கில் இறங்கிவிட்டது. மூச்சு நின்றது. நின்ற மூச்சை எடுக்க கியர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மாஸ்டர் முழிபிதுங்கி உட்கார்ந்திருக்க, மனைவி வந்து முதுகில் நாலு தட்டுத் தட்டிக் கிளப்பிவிட்டாள்.

மூச்சு வேண்டாம், மெழுகுவர்த்திச் சுடரைப் பாருங்கள் என்றார் டாக்டர். ஏற்றி வைத்துப் பார்த்தார். இருட்டில், கண்ணுக்கு நேராக, மஞ்சளாக ஒரு விளக்கு. மாஸ்டர் அசையாமல் பார்த்தார். உண்மையிலேயே காலும் அசையவில்லை. ஒரு பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க, நல்லா வருதா?" என்று கேட்டாள்.

"உஸ்! இப்ப சிவப்பு விழும்" என்றார் மாஸ்டர்.

அடுத்து, முடிவெட்டுகிற சலூன்காரர். அவருக்கும் ஒரு வழி இருந்தது. மனசுக்குள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வாராம். அது என்ன சொல் என்று மாஸ்டர் கண்ணாடி வழியாக விடாமல் நச்சரித்தார்.

"வெளிய சொல்லக்கூடாது சார். உங்களுக்காகச் சொல்றேன். 'அடுத்து.'"

"அடுத்துவா?"

"ஒரு தலை முடிஞ்சா அடுத்து. ஒரு கவலை வந்தா, 'அடுத்து'ன்னு சொல்லுவேன். அது நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் போயிடும். வேற ஒண்ணு வந்து உக்காரும். அதுக்கும் 'அடுத்து'. கடைசியில கடை காலி. நானும் கத்திரியும் மட்டும்தான்."

மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாதி தலையோடு எழுந்து வீட்டுக்கு ஓடாத குறை. அவரும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். 'மெதுவா.' வாழ்க்கையில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். அறையில் உட்கார்ந்து 'மெதுவா... மெதுவா...' என்று ஆரம்பித்தார். முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு 'மெதுவா, மெதுவான்னு சொல்றேன்ல' ஆனது. பிறகு, "கண்ணாடியைப் பாரு! எதிர்ல பாரு! அடேய், மிதி!" என்று அவர் போட்ட சத்தத்தில் சமையலறையில் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பொய்யாகத்தான் இதை ஆரம்பித்தார் மாஸ்டர். ஆனால் எங்கேயோ நடுவழியில் அது மெய்யாகிவிட்டது. இந்த மனிதர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எங்கேதான் போகிறார்கள்? ஒவ்வொருத்தரும் வேறு வேறு பாதையைச் சொல்கிறார்கள். போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி மட்டும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டார். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த நர்ஸ் பெண்ணையும் விடவில்லை.

"நீ தியானம் பண்ணுவியாம்மா? இண்டிகேட்டர் போடு."

"நடந்துக்கிட்டே பண்ணுவேன் சார். ராத்திரி டியூட்டியில வார்டு வராந்தாவுல ஒவ்வொரு அடியா, கால் தரையில படறதை மட்டும் நெனச்சுக்கிட்டு நடப்பேன்."

"என்ன தெரியும்? கிளட்ச்சை விடாதே, என்ன தெரியும்?"

"யாருமே 'சிஸ்டர்'னு கூப்பிடாத ஒரு நிமிஷம் தெரியும் சார்."

அன்று மாஸ்டர் கூடத்தில் நடந்து பார்த்தார். மேஜை வளைவில் தன்னையறியாமல் கையை நீட்டி சிக்னல் காட்டினார். சமையலறை வாசலில், உள்ளேயிருந்து வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று நின்றார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. மாஸ்டரும் நகரவில்லை. கடைசியில் மனைவி வெளியே வந்து, "நீங்க போங்க, நான் நிக்கறேன்" என்று கைகாட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

அவர் சோபாவில் பொத்தென்று விழுந்தார்.

"நீ எப்பவாவது தியானம் பண்ணியிருக்கியா?"

"எனக்கு எங்க நேரம்? மிஷின்ல உக்காந்து நீளமா ஒரு தையல் போட்டா மனசுல ஒண்ணும் இருக்காது. அதோட சரி."

"அது வேலை. தியானம் வேற."

"இருக்கும். எனக்கென்ன தெரியும்?" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

அன்று ராத்திரி படுக்கையில் மாஸ்டருக்கு முதன்முறையாக ஒரு பயம் வந்தது. அறைக்கான பயம் இல்லை. தன்னால் சும்மா இருக்கவே முடியாதோ என்கிற பயம். அடுத்த வினாடி ஏதோ மோதப் போகிறது என்றே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த உடம்பு இது. மோதாது, விடு, என்று அதற்கு எப்படிச் சொல்வது? டாக்டரும் சலூன்காரரும் போய்வருகிற இடத்துக்கு இந்தக் கால் தன்னை விடாது போலிருக்கிறதே என்று நினைத்தார். உடனே போர்வை பறந்து சுவரோரம் விழுந்தது. மனைவி எழுந்து அதை எடுத்து வந்து போர்த்திவிட்டாள்.

காலையில் மாஸ்டர் தோல்விக்குக் காரணம் கண்டுபிடித்திருந்தார்.

"எல்லாம் இந்த வீட்டுச் சத்தத்தால வர்றது. மிக்ஸி, குழாய், போன், அப்புறம் உன் மிஷின். ஒரு மனுஷன் எப்படி ஒருமுகப்படறது?"

"அவ்வளவுதானே? பரீட்சை அன்னிக்கு இந்த வீட்டுல ஒரு சின்னச் சத்தம் வராது. நான் பொறுப்பு."

இவ்வளவு சுலபமாக இறங்கிவந்துவிட்டாளே என்று மாஸ்டருக்கு ஒரே பெருமை.

கடைசி ஞாயிறு வந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மாஸ்டர் அறைக்குள் போய்ச் சம்மணமிட்டார். வலது காலைக் கீழே வைத்து அதன்மேல் இடது காலைப் போட்டுப் பூட்டினார். கதவைச் சாத்தியாயிற்று. கண்ணையும் மூடியாயிற்று.

மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மிக்ஸி இல்லை. குழாய் சொட்டவில்லை, அடியில் துணி வைத்திருந்தாள். போன் அணைந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றி எடுத்துவிட்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது. பூட்டிய பள்ளிக்கூடம் மாதிரி வீடு அமைதியானது.

ஆகா, என்று நினைத்தார் மாஸ்டர். ஒன்று. இரண்டு.

ரொம்ப அமைதியாக இருக்கிறதே.

மூன்று. சமையலறையில் அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாளா? வைத்திருந்தால் கொதிக்கிற சத்தம் வருமே. நாலு. வெளியே போய்விட்டாளா? கதவுச் சத்தம் கேட்கவில்லையே. கதவைச் சத்தமில்லாமல் திறக்கத் தெரிந்தவள்தான். டாக்டர் ஏன் இருமவில்லை? எப்போதும் இருமுகிறவர் ஆயிற்றே? ஐந்து. இரண்டு பேரும் ஜாடையில் பேசிக்கொள்கிறார்களோ? மிஷினை இப்போதே தூக்கிக்கொண்டு வருகிறார்களோ? தூக்கினால் சத்தம் வருமே. வரவில்லை. ஏன் வரவில்லை? சத்தமில்லாமல் என்னதான் நடக்கிறது அங்கே? சத்தமே போடாமல் ஓட்டுகிறவன்தான் சுவரில்...

பூட்டியிருந்த வலது கால், இடது காலைத் தூக்கி எறிந்துவிட்டு நேராகப் பிரேக்கில் இறங்கியது. அதே வேகத்தில் மாஸ்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

கூடத்தில் ஒரு சதியும் நடக்கவில்லை. டாக்டர் சோபாவில் முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடி, மெல்லிய புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் மனைவியும் கண்ணை மூடி, மடியில் கைவைத்து, கோயில் சிலை மாதிரி இருந்தாள். கதவுச் சத்தத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"அரை மணி ஆயிடுச்சா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குச் சொல்லவே மனமில்லை.

"நாலு நிமிஷம், மாஸ்டர்."

"ஏன் ஒரு சத்தமும் இல்ல?" என்று மாஸ்டர் கத்தினார்.

"நீங்கதானேங்க கேட்டீங்க" என்றாள் மனைவி.

அன்றைக்கே மிஷின் உள்ளே போனது. தூக்கியவர்கள் மாஸ்டரும் டாக்டரும். சுவரோரமாகப் போடலாம் என்று மாஸ்டர் சொன்னதை மனைவி ஏற்கவில்லை. நட்டநடு அறையில் போடச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் ஒரு முக்காலி போடற அளவுக்கு இடம் இருக்கட்டும்."

"அந்தப் பக்கம் யாரு உக்காரப் போறா?"

"யாராவது வருவாங்க."

அறையின் சொந்தக்காரி ஆயிற்றே என்று மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். ஒரு வாரம் உர்ரென்று இருந்தார். சலூன்காரரைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கமாகப் போனார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவர் கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். உள்ளே மனைவி திரை தைத்துக்கொண்டிருந்தாள். நீளமான திரை, நீளமான தையல். டக டக டக டக என்று மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றபோதுதான் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, கண்ணை மூடியிருந்திருக்கிறார். காலைப் பார்த்தார். செருப்பில் பாதி நுழைந்தபடி, குழந்தை மாதிரி சாதுவாகக் கிடந்தது. மேஜையில் மனைவி வைத்துவிட்டுப் போன காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

எங்கே போயிருந்தோம்? மாஸ்டர் எழுந்து போய் அறை வாசலில் நின்றார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"நூல் தீந்துடுச்சு. ஏன், சத்தமா இருந்துச்சா?"

"இல்ல இல்ல, ஓட்டு. நல்லா ஓட்டு. நான் இந்த ஓரமா உக்காந்துக்கட்டுமா?"

"எனக்கு இடைஞ்சலா இருக்குமே."

"மூச்சு விட மாட்டேன்."

"மூச்சு விடுங்க. யோசனை சொல்லாதீங்க, போதும்."

மாஸ்டர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். மிஷின் ஓடியது. நல்ல சர்வீஸ் முடித்த வண்டி சமதரையில் போகிற சத்தம். யாரும் குறுக்கே வராத சாலை. மாஸ்டரின் கண்கள் தாமாகவே செருகின. எல்லாம் மறைந்துகொண்டே வந்த அந்த நேரத்தில் மிஷின் நின்றது. கால் உடனே வெட்டி இழுத்தது.

"இப்ப என்ன ஆச்சு?"

"முட்டி வலிக்குதுங்க. நானும் மனுஷிதானே?" மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இன்னிக்கு இவ்வளவுதான். மிச்சம் நாளைக்கு."

"நாளைக்கா?" மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வாசல் வரைக்கும் போய்விட்டு யாராவது திரும்பி வருவார்களா? "இந்தா, நான் வேணா மிதிக்கட்டுமா?"

"சே சே. நீங்க எதுக்கு? ஆம்பளைங்க மிதிக்கற மிஷினா இது?"

"மிதிக்கறதுல என்னை மிஞ்ச இந்த ஊர்ல ஆள் இருக்கா?"

"அது பிரேக்குங்க. வெடுக்குனு மிதிப்பீங்க, நூல் அறுந்துடும். நர்ஸுங்க துணி வேற இருக்கு. வேண்டாம்."

"பிரேக்கை வெடுக்குனு மிதிக்கறவன் கத்துக்குட்டி. பூவை வைக்கற மாதிரி வைக்கணும். நானே பாடம் நடத்தறேன், எனக்கே சொல்றியா? ஒரு தடவை பாரு."

"சொன்னாக் கேக்க மாட்டீங்களே. சரி, ஒரே ஒரு திரைக்கு மட்டும். நடுவுல நிறுத்தக்கூடாது, பேசக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

மனைவி பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுந்து, மிஷினுக்கு அந்தப் பக்கம் முக்காலியைப் போட்டாள். மாஸ்டர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது காலை மிதிபலகையில் வைத்தார். அவள் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். கால் இறங்கியது, பலகை எழுந்தது, கால் மறுபடி இறங்கியது. இத்தனை வருஷமாகத் தரையையும் போர்வையையும் மனைவியின் காலையும் மிதித்து அலைந்த அந்தப் பாதத்துக்குக் கடைசியில் திருப்பி மிதிக்கிற ஒன்று கிடைத்தது.

டக டக டக டக. முதலில் லாரிகள் போயின. பிறகு சிக்னல்கள் போயின. பிறகு சாலையே போய்விட்டது. மோதுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. மாஸ்டர் டாக்டர் சொன்ன இடத்தைப் பார்த்தார். சலூன்காரரின் காலிக் கடையைப் பார்த்தார். யாரும் கூப்பிடாத நர்ஸின் நிமிஷத்தைப் பார்த்தார். எல்லாம் ஒரே இடம்தான். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த இடத்தில் இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

ஒரு திரை முடிந்தது. அடுத்த திரைக்கும் அவரே கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் நேராக முக்காலிக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். மேஜைக்கடியில் மனைவியின் கால் பத்திரமாக இருந்தது. போர்வையும் கட்டிலிலேயே தங்கியது. "பிடிச்சுட்டேன் டாக்டர். எனக்குன்னு ஒரு தனி வழி!" என்று எதிர்வீட்டில் போய் மார்தட்டினார். வழியின் விவரம் கேட்டபோது மட்டும், வெளியே சொல்லக்கூடாது என்று சலூன்காரர் பாணியில் மழுப்பினார்.

ஒரு சாயங்காலம் அவர் அப்படி ஆழ்ந்திருந்தபோது, பாதத்தின் அடியில் ஏதோ இதமாக இருப்பதை முதன்முறையாகக் கவனித்தார். அரைக்கண் திறந்து குனிந்து பார்த்தார். மிதிபலகையின் மேல் துணியில் ஒரு சின்ன மெத்தை தைத்துப் போட்டிருந்தது. நாலு பக்கமும் அழகாக ஓரம் மடித்து, உள்ளே பஞ்சு வைத்து, வலது பாதத்தின் வடிவில். குதிகால் முதல் கட்டைவிரல் வரை அச்சடித்த மாதிரி அவருடைய அளவு.

மாஸ்டர் மெத்தையைப் பார்த்தார். நட்டநடு அறையில் நின்ற மிஷினைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தார். தியானம் என்ற சொல்லைத் தான் வாயில் எடுப்பதற்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வலது காலில் ஓடிய அளவு நாடா அவருக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப் போனார். பேசக்கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்தார். எழுந்து போகலாம் என்று பார்த்தார். கால் நிற்க மறுத்தது. அதற்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, சீருடை வாங்க வந்த நர்ஸ் பெண்ணின் குரல் வாசலில் கேட்டது. மாஸ்டர் அவசர அவசரமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னக்கா, மிஷின் இவ்வளவு சீரா ஓடுது? மோட்டார் மாட்டிட்டீங்களா?"

மனைவி தையலிலிருந்து தலை நிமிரவில்லை.

"வீட்டுல கால் இருக்கறப்போ மோட்டார் எதுக்கும்மா?"